கறுப்பைப் பார்க்கப் பழகினேன்

மானிட்டர் வாங்க வருகிறவர்கள் வண்ணத்தைத்தான் பார்ப்பார்கள். மயில் தோகை, பழக்கூடை, கடலலை என்று கடைகளில் ஓடவிடும் படங்களில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். எது நல்லது, எது சுமார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சென்னை ரிச்சி தெருவில் நான் தொழில் பழகிய கடையில் அந்தப் படங்களுக்கு வேலையே இல்லை. பெட்டியைப் பிரித்து, இணைப்புக் கொடுத்து, அரைமணி நேரம் ஓடவிட்டு, பிறகு திரை முழுக்க வெறும் கறுப்பை வைப்பார், எனக்குத் தொழில் சொல்லித்தந்த பாய். விளக்கை அணைத்துவிட்டு, "இப்ப சொல்லு தம்பி, என்ன தெரியுது?" என்பார்.

பழக்கமில்லாத கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. இருட்டு பழகப் பழகத்தான் அந்தக் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல என்பது புலப்படும். கீழ் மூலையில் மஞ்சள் ஒளி படர்ந்திருக்கும். மேல் விளிம்பிலிருந்து வெள்ளைக் கீற்று ஒன்று உள்ளே நீளும். நடுவில் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் தெரியும். இவற்றில் எது அந்த வகைத் திரையின் இயல்பு, எது அந்த ஒரு பீஸின் குறை என்று பிரித்துச் சொல்வதுதான் நான் கற்ற தொழிலின் சாரம். முதலாவதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது வேறு வகைத் திரைக்குப் போக வேண்டும். இரண்டாவதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாததால் நல்ல மானிட்டரைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு; கெட்டதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கண்ணைக் கசக்குகிறவர்களும் உண்டு.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகளாகவே போகும். எங்கள் கடை ஒரு மாடியில் இருந்தது. முன்னறையில் விற்பனை, உள்ளறையில் சர்வீஸ், உள்ளறைச் சன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், வடபழனி, சாலிகிராமம் பக்கத்து எடிட்டிங் அறைக்காரர்கள், அச்சகத்தார் என்று திரையை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான் பாயைத் தேடி வருவார்கள். "மாடல் நாங்களே முடிவு பண்ணிட்டோம் பாய், பீஸ் மட்டும் நல்லதா பார்த்துக் குடுங்க" என்பார்கள். ஒரே மாடலுக்குள் நல்ல பீஸ், சுமார் பீஸ் என்று உண்டு என்பதே அப்போது எனக்குப் புதுச் செய்தி.

பாய் உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறவர் அல்ல. டிஸ்ப்ளே போன, ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி பேனல் ஒன்றைக் கொடுத்து, "பிரி" என்றார். எல்சிடி தானாக ஒளிவிடாது. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியைப் பிக்சலுக்குப் பிக்சல் அடைத்தும் திறந்தும்தான் படம் காட்டுகிறது. பிரிக்கப் பிரிக்க அது கண்முன்னே அடுக்கடுக்காக வந்தது. அடியில் ஒளியை முன்னே தள்ளும் வெள்ளைத் தாள். அதன்மேல் அக்ரிலிக் பலகை, அதன் ஒரு விளிம்பில் எல்இடி ஸ்ட்ரிப். பலகையில் நுண்ணிய புள்ளிகள் இருக்கும். எல்இடிக்குப் பக்கத்தில் ஒளி அதிகம் என்பதால் அங்கே சிறிதாகவும் அரிதாகவும், தள்ளிப் போகப் போகப் பெரிதாகவும் நெருக்கமாகவும் அமைத்திருப்பார்கள். விளிம்பில் புகுந்த வெளிச்சம் திரை முழுக்கச் சமமாக வெளியே வர இதுதான் வழி. அதன்மேல் டிஃப்யூசர் ஷீட்டும் பிரிசம் ஷீட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம். கண்ணாடியின் வெளிப்பக்கங்கள் இரண்டிலும் ஒட்டியிருப்பவை போலரைசர் படலங்கள்.

அந்த இரண்டு படலங்களையும் உரித்தெடுக்கச் சொன்னார். பிளேடால் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும். பசை லேசில் விடாது, அவசரப்பட்டால் கண்ணாடி நொறுங்கிக் கையைக் கிழிக்கும். உரித்ததை, திரையின் ஓரங்களுக்கு இணையாகச் சதுரத் துண்டுகளாக நறுக்கி, மேசை விளக்குக்கு எதிரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தேன். ஒன்றைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் குறைந்து, 90 டிகிரியில் சுத்தமாக இருண்டது. ஒரு படலம் ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிறது. குறுக்கே வைத்த இரண்டாவது அதையும் தடுத்துவிடுகிறது. எல்சிடி திரையின் கறுப்பு இதுதான்.

"இப்ப அப்படியே சாய்ச்சுப் பாரு" என்றார். இடமும் வலமும் சாய்த்தேன், கறுப்பு குலையவில்லை. மேலும் கீழும் சாய்த்தேன், அப்படியே நின்றது. "மூலைவாட்டா சாய்" என்றார். சாய்த்ததும் கறுப்புக்குள்ளிருந்து மங்கலான ஒளி கசிந்தது. நேர்ப்பார்வையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் இரண்டு அச்சுகள், மூலைவாட்டில் சாய்ந்து பார்க்கும் கண்ணுக்குச் செங்குத்தாக அமைவதில்லை. அந்த விலகலில் ஒளி தப்பிவிடுகிறது.

ஐபிஎஸ் திரையில் மூலைகளில் மட்டும் ஏன் ஒளி படர்கிறது என்பது அங்கே புரிந்தது. 27 அங்குலத் திரையில் நடுவிலிருந்து மூலைக்கு 34 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கண் 50 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் மூலையை ஏறத்தாழ 34 டிகிரிச் சாய்வில் பார்க்கிறோம். 80 சென்டிமீட்டருக்குத் தள்ளி உட்கார்ந்தால் அது 23 டிகிரியாகக் குறைந்துவிடும். போலரைசர் அதிகம் கசியும் திசையும் மூலைகள் இருக்கும் திசையும் ஒன்றாக வேறு அமைந்துவிட்டன. திரவப் படிக அடுக்கும் சாய்ந்து போகும் ஒளிக்குத் தன் பங்குக்கு நிறமேற்றுவதால், பல பேனல்களில் ஒரு பக்கம் மஞ்சள் சாயலும் மறுபக்கம் வெளிர்நீலச் சாயலும் தெரியும். ஐபிஎஸ் க்ளோ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1990-களின் நடுவில் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வகைப் பேனலோடு கூடப் பிறந்த குணம் அது. சாய்கோணக் கசிவைக் குறைக்கக் கூடுதல் படலம் வைத்த மானிட்டர்களும் வந்தன. 2008-இல் வெளியான எச்பி ட்ரீம்கலர் எல்பி2480இசட்எக்ஸ் அதற்கு ஓர் உதாரணம். அத்தகைய படலம் விலையை ஏற்றும் என்பதால் சாதாரண மானிட்டர்களுக்கு அது பரவவில்லை.

"தலையை நகத்து" என்பதுதான் பாய் சொல்லிக்கொடுத்த முதல் சோதனை. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒளிரும் மூலைக்கு நேரெதிரே தலையைக் கொண்டுபோக வேண்டும். ஒளி மங்கிப் போனால் அது க்ளோ. எழுந்து இரண்டு மூன்று அடி பின்னால் நின்றாலும் அது சுருங்கிவிடும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் அதே உருவில் நிற்கும் ஒளி ப்ளீடிங். க்ளோவுக்காக மாற்றிக் கேட்டால் வரும் அடுத்த பீஸிலும் க்ளோ இருக்கும். ப்ளீடிங்குக்காக மாற்றிக் கேட்பது நியாயம். அடுத்த பீஸ் சுத்தமாக இருக்க வாய்ப்புண்டு. மானிட்டர் வாங்கும் யாரும் வீட்டிலேயே செய்துவிடக்கூடிய இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

ப்ளீடிங் ஏன் வருகிறது என்பதையும் கையால்தான் கற்றேன். வாரண்டி முடிந்து சர்வீஸுக்கு வந்த ஒரு மானிட்டரில் மேல் விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கீற்று. பின்மூடியைக் கழற்றி, கறுப்புத் திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே உலோகச் சட்டத்தின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்தச் சொன்னார். முதல் திருகில் மாற்றமில்லை, பழையபடி இறுக்கினேன். அடுத்ததைத் தளர்த்தினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீற்று பாதியாகச் சுருங்கியது. சட்டம் எங்கே அழுத்துகிறதோ அங்கே கண்ணாடியே ஒளியின் அதிர்வுத் திசையைச் சற்றுத் திருப்பிவிடுகிறது. திரும்பிய ஒளியை முன்னாலிருக்கும் போலரைசரால் முழுக்கத் தடுக்க முடிவதில்லை. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத கண்ணாடிக்கு ஒரு திருகின் இறுக்கமே போதும்.

அழுத்தம் திருகால் மட்டும் வருவதில்லை. சூட்டில் ஷீட்டுகள் விரிந்து நெளியும். போலரைசர் படலம் சுருங்கிக் கண்ணாடியை இழுக்கும். லாரிப் பயணத்தில் பெட்டி வாங்கிய அடி சட்டத்தை வளைத்திருக்கும். அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. சூடேறும்போது சில திட்டுகள் மறையும், சில புதிதாக முளைக்கும். பெட்டி பிரித்த அன்று தெரிந்தது சில நாளில் தணிந்துவிடுவதும் உண்டு. திருகைத் தளர்த்தும் வித்தையைக் கற்றுக்கொடுத்த கையோடு பாய் ஒன்று சொன்னார்: "வாரண்டில இருக்கிற செட்டுல இதைச் செய்யவே கூடாது தம்பி. நீ கழட்டுறது திருகு இல்ல, கஸ்டமரோட வாரண்டி."

ஒரே மாடலில் பீஸுக்குப் பீஸ் ஏன் மாறுகிறது என்பதற்கு ஆலை வரை போக வேண்டும். மானிட்டரில் பெயர் பொறித்திருக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை பேனல் செய்வதில்லை. எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, இன்னோலக்ஸ், பிஓஇ போன்ற சில ஆலைகளிலிருந்து வாங்கி, கூடும் போர்டும் சேர்த்து விற்கின்றன. ஆலையில் பேனல்கள் தனித்தனியாகப் பிறப்பதில்லை. 2200-க்கு 2500 மில்லிமீட்டர் போன்ற பெரிய தாய்க்கண்ணாடியில் பலவற்றை ஒன்றாகச் செய்து வெட்டுகிறார்கள். பின்விளக்கின் வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின்மேல் பாஸ்பர் பூசியது. பூச்சு இம்மியளவு மாறினாலும் வெள்ளையின் சாயல் மாறும். அதனால் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து ரகம் பிரிக்கிறார்கள். ஒரே ரகத்துக்குள்ளும் சிறிய ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். ஷீட், சட்டம், திருகு என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் உண்டு. அவை ஒன்றோடொன்று கூடும்போது ஒரு பீஸ் அப்பழுக்கில்லாமலும் அடுத்தது மூலை வெளுத்தும் வந்துவிடுகிறது. சில சமயம் மாடல் பெயர் ஒன்றாக இருந்து உள்ளே பேனல் வகையே வேறாக இருக்கும். 2006 வாக்கில் வந்த டெல் 2007டபிள்யூஎஃப்பி மானிட்டரில் சில பீஸ்களுக்குள் எஸ்-ஐபிஎஸ் பேனலும் சிலவற்றுக்குள் எஸ்-பிவிஏ பேனலும் இருந்தன. கறுப்பின் ஆழமும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறும் விதமும் இரண்டிலும் ஒன்றல்ல.

இந்த வித்தியாசத்துக்கு ஓர் எல்லை குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாயிடம் கேட்டேன். பிக்சலுக்கு உண்டு என்றார். 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் அணைந்த பிக்சல் 2, துணைப் பிக்சல் குறை 5 வரை அனுமதித்தது. பின்னர் 2008-இல் ஐஎஸ்ஓ 9241-307 அந்த இடத்துக்கு வந்தது. முழு எச்டி திரையில் 20,73,600 பிக்சல் இருக்கிறது என்பதால் கணக்குப் போட்டுப் பேசலாம். ப்ளீடிங்குக்கு மட்டும் வாரண்டிப் புத்தகத்தில் எடுத்துக்காட்டிப் பேச அப்படி ஓர் எண் பெரும்பாலும் கிடைக்காது. அதனால்தான் சர்வீஸ் சென்டரில் "இது நார்மல் சார்" என்ற ஒற்றை வரியில் கதை முடிந்துவிடுகிறது. வாதாட வேண்டுமானால் கையில் ஆதாரம் வேண்டும்; அந்த ஆதாரத்தைச் சரியாக எடுப்பதும் தொழிலின் ஒரு பகுதி.

இருட்டறையில் கறுப்புத் திரையைச் செல்போனில் படமெடுத்தால் எந்த மானிட்டரும் தீப்பிடித்ததாகத்தான் தெரியும். இருட்டைக் கண்டதும் கேமரா தானாக எக்ஸ்போஷரை ஏற்றிவிடும். அகல லென்ஸ், கிட்டே போய் எடுப்போம், மூலைகளின் சாய்கோணம் இன்னும் கூடும். அந்தப் படத்தை அனுப்பினால் சர்வீஸ் சென்டர் தள்ளிவிடுவதில் வியப்பில்லை. பாய் சொல்லித்தந்த முறை வேறு. வழக்கமாக உட்காரும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, திரையின் நடுவுக்கு நேராகப் போனை நிறுத்த வேண்டும். படம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒத்துவரும் வரை எக்ஸ்போஷரைக் கையால் குறைக்க வேண்டும். பிறகு அதே அமைப்பை மாற்றாமல் இடமிருந்தும் வலமிருந்தும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். மூன்று படத்திலும் இடம் மாறாமல் நிற்கும் கீற்றை யாரும் நார்மல் என்று சொல்லிவிட முடியாது.

கறுப்போடு சோதனை முடிவதில்லை. அடுத்து இருண்ட சாம்பல், பாதிச் சாம்பல், கடைசியில் வெள்ளை. பாதிச் சாம்பலில் ஒரு ஜன்னலை இழுத்து நகர்த்தினால் திரையின் அழுக்குத் திட்டுகளும் நெடுக்குக் கோடுகளும் தெரியும். வெள்ளையில் நிறம் தெரியும். இடப்பக்கம் ரோஸ் சாயல், வலப்பக்கம் பச்சைச் சாயல் என்று இருக்கும் திரைகள் நிறைய. ஆல்பம் டிசைனர் ஒருவர் பக்கத்துப் பக்கத்தில் வைக்க ஒரே மாடலில் இரண்டு கேட்டிருந்தார். இரண்டு பெட்டியையும் பிரித்து வெள்ளை வைத்தோம். ஒன்றில் கல்யாணப் பெண்ணின் முகம் மஞ்சள் பூசிய மாதிரி, இன்னொன்றில் வெளிறி. நிறத்தையும் பிரகாசத்தையும் அளக்கும் கலரிமீட்டரைத் திரையில் தொங்கவிட்டு ஒன்பது இடத்தில் அளந்தோம். ஒன்றில் நடுவுக்கும் ஓரத்துக்கும் பிரகாச வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள் அடங்கியது. இன்னொன்றில் ஒரு மூலை 20 விழுக்காட்டைத் தாண்டியது. திரை முழுக்கப் பரவிய மஞ்சளைக் காலிபரேஷன் சரிசெய்யும். ஒரு மூலை மட்டும் இருண்டிருந்தால் காலிபரேஷனால் ஆகாது, பீஸை மாற்றத்தான் வேண்டும் என்பதை அன்று அளந்தே தெரிந்துகொண்டேன். ஐசோவின் கலர்எட்ஜ் போன்ற விலை உயர்ந்த மானிட்டர்களில் ஒவ்வொரு பீஸையும் ஆலையிலேயே அளந்து, மூலைக்கு மூலை சமப்படுத்தி அனுப்புகிறார்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்த அளவைக்குத்தான் போகிறது.

இத்தனையும் கற்ற பிறகுதான் பாய் என்னை வாடிக்கையாளரிடம் பேச விட்டார். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "எந்த அறையில வெச்சு, என்ன வேலை பார்க்கப் போறீங்க?" என்பதுதான். நாள் முழுக்க டாலியில் கணக்குப் போடுகிறவர் டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் திரையைப் பார்க்கிறார். அவருக்குக் க்ளோ ஒரு பொருட்டே இல்லை. வெள்ளை சமமாக இருந்து, திரை மினுமினுக்காமல் இருந்தால் போதும். இருட்டறையில் கலர் கிரேடிங் செய்கிறவருக்கு மூலை ஒளி பெரும் தொல்லை. அவரிடம் பிரகாசத்தை 100 முதல் 120 நிட்டுக்குள் இறக்கி வைக்கவும், திரைக்குப் பின்சுவரில் 6500 கெல்வின் மென்விளக்கு ஒன்று போடவும் சொல்வோம். 1000-க்கு 1 காண்ட்ராஸ்ட் கொண்ட ஐபிஎஸ்ஸில் 350 நிட் வைத்தால் கறுப்பே 0.35 நிட் ஒளிவிடும். 120-க்கு இறக்கினால் அது 0.12 ஆகும். க்ளோவும் அதே விகிதத்தில் இறங்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் பிரகாசம் பெரும்பாலும் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், இதைச் செய்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும்.

இருட்டில் படமும் விளையாட்டுமே முக்கியம் என்கிறவருக்கு விஏ என்ற இன்னொரு வகை எல்சிடி பேனலைக் காட்டுவோம். 3000-க்கு 1 காண்ட்ராஸ்ட், கறுப்பு ஆழம். ஆனால் இருண்ட காட்சிகளில் நகரும் உருவத்தின் பின்னால் கறுப்பு இழுபடும், பக்கவாட்டில் நிறம் சாயம்போகும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லாததால் க்ளோவும் இல்லை, ப்ளீடிங்கும் இல்லை. ஆனால் அசையாத டாஸ்க்பார், மெனு போன்றவை நாளடைவில் திரையில் பதிந்துவிடும் அபாயம் அதில் உண்டு. எந்தக் குறையோடு வாழ முடியும் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் மானிட்டர் வாங்குவது. அதைத் தெரியப்படுத்துவது விற்கிறவரின் கடமை என்பதை நான் பாயிடம் கற்றேன்.

இன்று பெரும்பாலான மானிட்டர்கள் பெட்டி பிரிக்காமலே கைமாறுகின்றன. ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிற நாம், பல ஆயிரம் கொடுத்து வாங்கும் திரையை ஒட்டிய டேப்போடு தூக்கிக்கொண்டு போகிறோம். நேரில் வாங்கினால் பிரித்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றிரவே சோதியுங்கள்; திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாட்களில் முடிந்துவிடும், அதன்பிறகு வாரண்டியின் வாசலில்தான் நிற்க வேண்டும். பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை எறியாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தை அறியும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. எத்தனை பிக்சல் செத்திருக்கலாம் என்று எழுத முடிகிற தயாரிப்பாளரால், நடுவுக்கும் மூலைக்கும் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதையும் எழுத முடியும். அந்த எண் பெட்டியின்மேல் அச்சாகி வரும் வரை, வாங்குகிறவர் கறுப்பைப் பார்க்கப் பழகித்தான் ஆக வேண்டும்; விற்கிறவர் விளக்கை அணைத்துக் காட்டத்தான் வேண்டும்.